கைகளை மட்டும் பார்த்த பிள்ளை

1

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில். ஜெர்மனியின் தெற்கே, நீங்கள் பெயர் கேள்விப்பட்டிராத ஒரு சிறிய நகரம். காலையில் போனதும் முதல் வேலை, சாப்பாட்டுத் தட்டுகளில் பெயர்த் துண்டு ஒட்டுவது. இந்த அம்மாவுக்குச் சீனி ஆகாது. அந்த ஐயாவுக்குக் கடலை பட்டால் மூச்சு முட்டும். மூன்றாம் மாடியில் படுக்கையில் இருப்பவருக்கு எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு துண்டு மாறினால் ஒரு உயிர் போய்விடும். அதனால் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன்.

சமைத்து முடிந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. சூப், இறைச்சி, கிழங்கு, கடைசியில் கொடுக்கிற இனிப்பு வரை எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சின்னப் பெட்டியில் போட்டு, திகதி எழுதி, உறைபெட்டியில் வைக்க வேண்டும். யாருக்காவது வயிற்றால் போனால் சுகாதாரப் பகுதிக்காரர் வந்து முதலில் கேட்பது அந்தப் பெட்டிகளைத்தான். என்ன சாப்பிட்டு இந்த வருத்தம் வந்தது என்று அதில்தான் பார்ப்பார்கள். ஜெர்மன்காரர் இதற்கு ஒரு முழ நீளப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது இன்னும் ஒழுங்காக வாயில் வராது. நான் சாட்சிச் சாப்பாடு என்று சொல்லிக்கொள்வேன். கொஞ்ச நாள் வைத்திருந்து, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் எறிந்துவிடுவோம்.

வாய்க்குள் போவதில் இவ்வளவு கவனமாக இருக்கிறவள், பெற்ற பிள்ளையின் கண்ணுக்குள் என்ன போகிறது என்று பார்க்காமல் விட்டேன். இந்த மே மாதம் நடந்ததை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுத வேண்டும் போல இருக்கிறது. இதில் என் பெயரை நான் போடவில்லை. ஏன் என்று வாசித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

2

நாங்கள் முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம். அப்பாவும் அம்மாவும் தீவுப் பகுதியில் இருந்து, அரசாங்கம் கொடுத்த குளத்துக் காணி கிடைத்து வந்து, காடு வெட்டி வயல் செய்தவர்கள். சைவக் குடும்பம். நான் கலியாணம் கட்டி இங்கே வந்த பிறகுதான் ஞானஸ்நானம் எடுத்தேன். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று பயந்து பயந்து போனில் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"ஆரைக் கும்பிட்டாலும் கும்பிடு. தம்பி வரவேணும் எண்டு கேள்" என்றார்.

தம்பி சுதன். யானை வயலுக்குள் இறங்கினால் கொளுத்தி எறிகிற வெடி ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். கதிர் முற்றுகிற காலத்தில் ஒரு முறை அது அவனுடைய கையிலேயே வெடித்து, வலக்கை ஆள்காட்டி விரலில் பாதி போய்விட்டது. காயம் ஆறும் வரை அம்மாதான் மருந்து கட்டினார், சோறு குழைத்து ஊட்டினார். மீசை அரும்புகிற பெடியன். கூட்டாளிமார் பார்த்துவிடுவார்கள் என்று குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறப்பான். பிறகு பேனை பிடிப்பதையும் சைக்கிள் பிரேக் பிடிப்பதையும் அந்தக் கையாலேயே திரும்பப் பழகினான். விரலை ஒழுங்காகத் தைக்காதபடியால் நுனியில் சின்னக் குமிழ் மாதிரி ஒன்று நின்றது. யோசிக்கும்போது அதைப் பல்லால் கடிப்பான். அம்மா கையில் தட்டுவார்.

கடைசி யுத்தத்தில் சனத்தோடு சனமாக நடந்து வரும்போது அவன் காணாமல் போனான். அம்மா அதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் சொல்வார். "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போனவன்." அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

யுத்தம் முடிந்து அடைத்து வைத்த முகாமிலேயே அப்பா செத்துப்போனார். இப்போது அம்மா நெளுக்குளத்தில் என் தங்கச்சியின் வீட்டில் இருக்கிறார். தம்பிக்குத் திவசம் செய்ய விடவில்லை, படத்துக்கு மாலை போட விடவில்லை. காணாமல் போனவர் என்று ஒரு சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்கக் கந்தோரில் இருந்து கூப்பிட்டார்கள். அம்மா போகவில்லை.

"அதை வாங்கினா, தேடுறதை விட்டிடுவாங்கள்."

"இப்ப மட்டும் தேடுறாங்களோ?" என்று தங்கச்சி கேட்டாள். அம்மா எழும்பிப் போய்விட்டார்.

பொழுதுபட்டதும் எல்லோருக்கும் சாப்பாடு போட்ட பிறகு, ஒரு கோப்பையில் தம்பியின் பங்கை எடுத்து மூடி வைப்பார். விடிந்ததும் அதற்குள் தண்ணீர் ஊற்றித் தானே சாப்பிடுவார். ஒரு நாள் தப்பினதில்லை. அவருக்கு முன்னால் யாரும் யுத்த வீடியோ போடவும் கூடாது. தங்கச்சியின் மனிசன் ஒரு முறை போனை நீட்டினாராம். அம்மா அதை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உதுக்குள்ள என்ர பிள்ளை இல்லை" என்றாராம்.

3

எங்கள் சபை சின்னது. ஜெர்மன்காரரின் ஆராதனை முடிந்த பிறகு அவர்களுடைய மண்டபத்தை எங்களுக்குத் தருவார்கள். பாஸ்டர் முல்லைத்தீவுக் கரைப்பக்கத்துக்காரர். கிழமை நாட்களில் பார்சல் வான் ஓட்டுகிறார். ஈஸ்டர் முடிந்த கையோடு ஒரு அறிவித்தல் செய்தார். இந்த முறை வயிற்றுக்கு மட்டும் இல்லை, கண்ணுக்கும் சேர்த்து நாற்பது நாள் உபவாசம்.

"வாய்க்குள்ள போறதை மணந்து பாக்கிறம். கண்ணுக்குள்ள போறதை ஆர் பாக்கிறது? எழும்பினாப் போன், படுத்தாப் போன். என்னத்தை உள்ள போடுறீங்களோ அதுதான் மனசில முளைக்கும். பிறகு ஜெபத்துக்கு இருந்தா அதுதான் வந்து நிக்கும்."

பவுல் சிறையில் இருந்து சபைக்கு எழுதினாரே, உண்மையானவை, நேர்மையானவை, சுத்தமானவை, அன்பானவை எவையோ அவற்றையே சிந்தியுங்கள் என்கிற கருத்தில், அந்தப் பகுதியை வாசித்தார். ஒவ்வொருவராக எழும்பி எதை விடுகிறோம் என்று சொன்னோம். ஒரு அக்கா சீரியல் என்றார். ஒரு அண்ணர் கிரிக்கெட் என்றார். அவருடைய மனைவி பலத்த குரலில் ஆமென் சொன்னதில் மண்டபமே சிரித்தது. நான் எல்லாவற்றையும் விட்டேன். சீரியல், சினிமாப் பாட்டு, சமையல் வீடியோ, முகநூலில் மற்றவர்கள் வீட்டுச் சாமத்தியச் சடங்குப் படங்கள். வீட்டுக்கு வந்து தொலைக்காட்சி வயரைக் கழற்றி அலுமாரிக்கு மேலே எறிந்தேன்.

ஒன்றை மட்டும் விடவில்லை. அதுவும் விடவேண்டிய சாமான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மே மாதம் கிட்டக் கிட்ட எங்கள் போன்களுக்குள் வந்து விழுகிற வீடியோக்களைச் சொல்கிறேன். கடற்கரை, பதுங்குகுழி, தறப்பாள் கூடாரம், மணலில் வரிசையாகக் கிடத்தியிருக்கிற ஆட்கள். வருடக் கணக்காக நான் அவற்றைப் பார்க்கிறேன். ஓடவிட்டு, நிறுத்தி, பெருப்பித்து, திரும்ப ஓடவிட்டு. தம்பி எங்காவது நடந்து போகிறானா, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறானா, தண்ணீர்க் கானோடு ஓடுகிறானா என்று. ஜெபம் பண்ணிவிட்டுத்தான் தொடங்குவேன். சீரியல் பாவம், சினிமாப் பாட்டு பலவீனம். பிணம் பார்ப்பது எந்தக் கணக்கில் வரும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதை ஒரு கடமை என்று வைத்திருந்தேன். சீரியல் பார்க்கிற நேரமும் மிஞ்சியபடியால், உபவாச நாட்களில் முன்னையை விடக் கூடப் பார்த்தேன்.

சாப்பாட்டு மேசையில் இருந்துதான் பார்ப்பேன். எதிர்க் கதிரையில் என் ஒரே மகள் ஹன்னா, நாலாம் வகுப்பு, வீட்டுப்பாடம் செய்வாள். கணவர் லொறி ஓட்டுகிறவர், கிழமை நாட்களில் வீட்டில் இருக்க மாட்டார். நான் காதில் வயர் போட்டுக்கொள்வேன், பிள்ளைக்குச் சத்தம் கேட்காது. அவ்வளவுதான் நான் எடுத்த கவனம்.

"அம்மா, என்ன தேடுறீங்கள்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"மாமாவை."

"மாமா எண்டு எப்பிடித் தெரியும்?"

எனக்குச் சந்தோசமாக இருந்தது. இங்கே பிறந்த பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஜெர்மன் பாஷையிலேயே எனக்குப் பதில் சொல்கிறவள், எங்கள் கதையைத் தமிழில் கேட்கிறாள். யானை வெடிக் கதையைச் சொன்னேன். வலக்கையில் போன் இருந்தது. அதனால் இடக்கை விரலை மடித்து, இந்த இடத்தோடு இல்லை என்று காட்டினேன். அவள் அந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள்.

கொஞ்ச நாளில் சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினாள். முதலில் இறைச்சி, பிறகு மீன், பிறகு பாணைக்கூடப் பிய்த்து வைத்துக்கொண்டு இருந்தாள். கேட்டால் பசி இல்லை என்றாள். எனக்கு என்ன நினைப்பு வந்தது தெரியுமா? பிள்ளை உபவாசம் இருக்கிறாள்! ஞாயிற்றுக்கிழமை சபையில் எழும்பி, "சின்னப் பிள்ளை, நாங்கள் ஒண்டும் சொல்லாமலே ஆண்டவருக்காகச் சாப்பாட்டை விடுறாள்" என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். பாஸ்டர் அவளுடைய தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதை எழுதும்போது எனக்கு என்னிலேயே அருவருப்பாக இருக்கிறது.

4

விளையாட்டுப் பாடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது. குசினி அங்கியைக் கழற்றாமலே ஓடினேன். வகுப்பாசிரியை ஒரு சின்ன அறையில் இருந்தார். ஹன்னாவை வெளியே இருத்திவிட்டார். பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். மேசையில் போனை வைத்து ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்தார்கள். சென்னைப் பக்கத்துத் தம்பி ஒருவர், மரியாதையாகத்தான் பேசினார்.

ஹன்னா கொண்டுபோகிற பாணை மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறாளாம். பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு, வெயிலில் கிடக்கிற ஆட்களின் வயிறு எப்படி ஊதும் என்று விளங்கப்படுத்தியிருக்கிறாள். அந்தப் பிள்ளை படுக்கப் பயப்படுகிறதாம். தாய் முறைப்பாடு செய்திருக்கிறார்.

"வீட்டில் ஹன்னா என்ன பார்க்கிறாள்?" என்று ஆசிரியை கேட்டார்.

நான் நிமிர்ந்து இருந்தேன். "எங்கட வீட்டில ஒண்டும் பாக்கிறேல்லை. டீவி இல்லை, கேம் இல்லை. நாங்கள் விசுவாசிகள்."

அதை அந்தத் தம்பி மொழிபெயர்த்து முடித்ததும் ஆசிரியை கையில் இருந்த பேனையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார், "அப்படியானால் செத்த மனிதர்களை அவள் எங்கே பார்த்தாள்?"

"என்ர தம்பி காணாமல் போனவர்" என்று தொடங்கினேன்.

"எப்ப தொலைஞ்சு போனாரு மேடம்? போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுத்தீங்களா?" என்றார் போனில் இருந்த தம்பி. அவரில் பிழை இல்லை. அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் பிறப்பதற்கு முன்னால் இருந்து தொடங்க வேண்டும்.

"ஓம், குடுத்தனாங்கள்" என்றேன்.

பிள்ளைகள் விசயமாக இப்படி ஒன்று வந்தால் அறிவித்தே ஆகவேண்டும் என்பதும் சட்டம். சிறுவர் நலக் கந்தோரில் இருந்து இளம் பெண் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், அதைச் சொல்ல வேண்டும். ஹன்னாவின் கட்டிலைப் பார்த்தார், குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். குளிர்பெட்டி நிறையச் சாப்பாடு இருந்தது. அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த முறை வரும்போது பிள்ளையின் எடை கூடவில்லை என்றால், வைத்தியசாலையில் தங்க வைத்துத்தான் பார்க்க வேண்டிவரும், பெற்றோர் குறித்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிதானமாகச் சொன்னார். பயந்துபோனேன். ஒரு பிள்ளை கைவிட்டுப் போனால் வீடு என்ன ஆகும் என்று அம்மாவைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பயம் அது.

5

அவர் போன பிறகு ஹன்னா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் தேடுறதை நிப்பாட்டிட்டன்."

"நீ என்னத்தைத் தேடினனீ?"

"மாமாவைத்தான். நீங்கள் அறைக்குள்ள ஜெபம் பண்ணேக்க உங்கட போனில தேடினனான். இப்ப தேடத் தேவையில்லை. கண்டுட்டன்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"அந்த நீலத் தறப்பாள் வீடியோவில. நிரையாக் கிடக்கினம். ஓரத்தில கிடக்கிற ஆள்." அவள் பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள். "நான் முகம் பாக்கிறேல்லை. முகம் பாத்தாப் பயம். கையை மட்டும்தான் பாக்கிறனான். எல்லாற்ற கையையும் பாத்தனான்."

எல்லாருடைய கையையும். நான் அடுத்த அறையில் முழங்காலில் நின்று தம்பிக்காகக் கண்ணீர் விட்ட நேரங்களில், என் பிள்ளை ஒவ்வொரு பிணத்தின் கையாகப் பார்த்து விரல் எண்ணியிருக்கிறாள்.

"ஏன் அம்மாட்டச் சொல்லேல்லை?"

"அம்மம்மா சோறு எடுத்து வைக்கிறா எல்லோ. சொன்னா அவா எடுத்து வைக்க மாட்டா." பிறகு மெல்லச் சொன்னாள், "எனக்குச் சாப்பிடேக்க அந்தக் கை வருது."

கட்டிப் பிடித்தேன். தோளெலும்பு கையில் தட்டுப்பட்டது. "அது மாமாவா இருக்காது. அம்மா பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

"உண்மையைச் சொல்லோணும், என்ன?"

"ஓம். உண்மையைத்தான் சொல்லுவன்."

6

அடுத்த நாள் வேலையில், சாட்சிச் சாப்பாட்டுப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு, உடுப்பு மாற்றுகிற அறையில் இருந்து அந்த வீடியோவைப் போட்டேன்.

எனக்குத் தெரிந்த வீடியோதான். பல முறை பார்த்தது. நான் முகங்களைத்தான் பார்ப்பேன். நிரையின் ஓரத்தில் கிடக்கிற ஆளின் முகத்துக்கு மேல், இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்று கிடக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் அவனைத் தாண்டிப் போயிருக்கிறேன். கை சாரத்துக்கு வெளியே இருக்கிறது. வலக்கை. நிறுத்திப் பெருப்பித்தேன். ஆள்காட்டி விரல் பாதியோடு நிற்கிறது, நுனியில் அந்தக் குமிழ். பெருவிரலுக்குக் கீழே வெடி சுட்ட தழும்பு, அம்மா மருந்து பூசிப் பூசி ஆற்றியது.

அது என் தம்பி.

அழுகை வரவில்லை. என்னோடு வேலை செய்கிற போலந்துக்காரி உடுப்பு மாற்ற வந்தாள். "எல்லாம் சரியா?" என்றாள். சரி என்றேன். அந்தச் சொல் எனக்கு ஜெர்மன் பாஷையில் நன்றாக வரும். பிறகு போய் இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளுக்குத் துண்டு ஒட்டினேன். ஒன்றும் மாறிப் போகவில்லை.

வீட்டுக்குப் போனபோது ஹன்னா வாசலிலேயே நின்றாள். பஸ்ஸில் வரும்போதே நான் முடிவெடுத்திருந்தேன்.

"பாத்தனான். அது மாமா இல்லை" என்றேன். "மாமாவுக்கு இடக்கை. அண்டைக்கு நான் காட்டினது ஞாபகமோ? இந்தக் கை. அந்த ஆளுக்கு வலக்கையில விரல் இல்லை."

அவள் தன்னுடைய இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அது வேற ஆரோ?"

"வேற ஆரோ."

"பாவம்" என்றாள்.

அன்றைக்கு இரண்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவருக்கு நன்றி என்று சொல்ல வாய் திறந்தேன். யாருடைய பொய்க்கு அவருக்கு நன்றி சொல்வது என்று வாயை மூடிவிட்டேன்.

7

பாஸ்டர் எங்கள் தெருவுக்குப் பார்சல் கொண்டுவந்த ஒரு நாள், வானுக்குப் பக்கத்தில் வைத்து மறித்தேன். தம்பியைக் கண்டதைச் சொல்லவில்லை. பிள்ளை பார்த்துவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவர் வானில் சாய்ந்துகொண்டார்.

"நானும் பாக்கிறனான் அக்கா" என்றார். "என்ர அண்ணையின்ர குடும்பம் முழுக்க அதுக்குள்ளதானே செத்தது. அந்தக் கண் உபவாசத்தை அறிவிச்சதே எனக்காகத்தான். ஆனா மேடையில ஏறி நிண்டா, சீரியலை விடுங்கோ எண்டுதான் வாயில வந்தது. இதை விடுங்கோ எண்டு சனத்துக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"பாஸ்டர், பவுல் எழுதினதில உண்மைதானே முதல்ல கிடக்கு?"

"ஓம்."

"அந்த உண்மை சுத்தமாயும் இல்லாமல் அன்பாயும் இல்லாமல் கிடந்தா, அதைச் சிந்திக்கிறதோ விடுறதோ?"

அவர் கையில் இருந்த பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியேல்லை அக்கா" என்றார். அதற்காக அவரில் எனக்கு மரியாதை கூடியது. ஜெபம் பண்ணுவோம் என்று கூட அவர் சொல்லவில்லை. பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது, வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கும் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். முதல் வருடங்களில் நான் தேடினேன். பிறகு வந்த வருடங்களில் நான் தேடவில்லை, தின்றேன். அதைத் தின்னாவிட்டால் அந்த நாள் முடியாது என்கிற அளவுக்கு வந்திருந்தேன். தேடுகிறவர்களுக்குக் கண்டவுடன் நிறுத்தத் தெரியும். எனக்கு அவனைக் கண்ட பிறகும், அன்றைக்கு உடுப்பு மாற்றுகிற அறையில், அடுத்த வீடியோவை அழுத்தக் கை போனது. அதுதான் எனக்குப் பெரிய பயம். எது மனதுக்குள் போகலாம் எது போகக்கூடாது என்று பவுலின் அந்தக் கடிதம் சொல்வதை, நல்ல பிள்ளைகளுக்கு எழுதின ஒழுக்க விதி என்று நினைத்திருந்தேன். எழுதினவர் கையில் விலங்கோடு இருந்தவர். தலைக்குள் எதைக் கட்டி அழுதால் ஆள் அழிந்துபோவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

எல்லா வீடியோவையும் போனில் இருந்து அழித்தேன். நீலத் தறப்பாளையும் அழித்தேன். அனுப்புகிறவர்களிடம் இனி அனுப்ப வேண்டாம் என்றேன். ஒருவர், "எங்கட சனத்தை மறந்திட்டீங்களோ?" என்று எழுதினார். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

கணவருக்கும் சொல்லவில்லை. அந்தக் கை இப்போது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளைக்கு வந்த மாதிரி, எனக்கும் சாப்பிடும்போது வரும். நான் பெரிய ஆள், விழுங்கப் பழகிவிட்டேன்.

8

அந்தப் பெண் அதிகாரி திரும்ப வந்தார். எடை கொஞ்சம் கூடியிருந்தது. இப்போதைக்கு வைத்தியசாலை தேவையில்லை என்றார். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் வழக்கம் போல அம்மாவுக்கு வீடியோவில் எடுத்தேன். அங்கே பொழுதுபட்டுவிட்டது. அம்மா நெளுக்குளத்து வீட்டுக் குசினியில், போனைச் சட்டியில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி வீட்டு ஆட்கள் முன் அறையில் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. அம்மாவின் கையில் மூடி போடாத கோப்பை. ஒரு பங்கு சோறு, பக்கத்தில் கத்தரிக்காய்.

நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். ஹன்னா எனக்கு முன்னால் தலையை நீட்டி, போனைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மம்மா, மாமாவுக்கு எந்தக் கையில விரல் இல்லை?"

போனை வெட்டியிருக்கலாம். வெட்டினால் பிள்ளைக்கு விளங்கிவிடும். அம்மாவிடம் நான் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அந்தக் கையைக் கழுவியவர் அவர், கட்டியவர் அவர், கதவைச் சாத்திவிட்டுச் சோறு ஊட்டியவர் அவர். வலக்கை என்று சொல்ல அவருக்கு யோசிக்கவும் தேவையில்லை.

அம்மா கோப்பையை மடியில் வைத்தார். "ஏன் பிள்ளை கேக்கிறாய்?"

"சும்மா."

அம்மா ஹன்னாவைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் அடுப்படியில் நின்ற என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்ப முடியவில்லை.

"இடக்கை" என்றார் அம்மா. "இடக்கை, பிள்ளை. அம்மம்மாதானே மருந்து கட்டினது."

ஹன்னா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நீங்கள் சொன்னது சரிதான் என்கிற சிரிப்பு. சூட்டோடு ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டு வெளியே விளையாட ஓடினாள்.

நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கேள்வி எங்கே இருந்து வந்தது, எதைப் பார்த்துவிட்டு வந்தது, அதற்கு நான் என்ன பதில் சொல்லி வைத்திருக்கிறேன் எல்லாம் அவருக்கு என் முகத்திலேயே விளங்கிவிட்டது. கேட்பார் என்று நின்றேன். கேட்டால் சொல்லியிருப்பேன். இரண்டு பேருமாக அழுது முடித்திருப்போம்.

"பிள்ளை இப்ப சாப்பிடுறாளே?" என்றார்.

"ஓம் அம்மா. சாப்பிடுறாள்."

"அது காணும்."

ரொட்டி கருகிற மணம் வந்தது, அடுப்பை நிறுத்தினேன். அம்மா மடியில் இருந்த கோப்பையை எடுத்தார். சோற்றை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கினார். கத்தரிக்காயில் இன்னும் ஒரு கரண்டி எடுத்து வைத்தார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழும்பினார்.

"இரு, அவன்ர கோப்பையை மூடி வைச்சிட்டு வாறன். பூனை வந்திடும்."

போனில் குசினிச் சுவர் மட்டும் தெரிந்தது. உள்ளே மூடி போடுகிற சத்தம் கேட்டது. நான் போனை வெட்டாமல் நின்றேன்.